அக்கா இறங்க ஒரு கடற்கரை

ஜனவரி 5, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. பரணைக் காலி செய்ததில் பழைய போட்டோ ஆல்பம் கிடைத்தது. சுண்ணாம்பு காயும்வரை வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்து பார்த்தேன். கன்னியாகுமரி, திருச்செந்தூர், மெரினா, வேளாங்கண்ணி. நான்கு கடல், முப்பத்தொன்பது போட்டோ. ஒன்றில்கூட மங்கை அக்கா இல்லை.

நான்கு இடத்துக்கும் அவள் வந்தாள். ஒன்றரை வயதில் போலியோ. இரண்டு காலிலும் தொடைவரை காலிப்பர், கையில் ஊன்றுகோல். மணலில் காலிப்பர் புதையும். உப்புத்தண்ணீர் பட்டால் கம்பி துருப்பிடிக்கும், தோல்வார் இற்றுப்போகும். அதனால் ரோடு முடிகிற இடத்தில் ஒரு துண்டை விரித்து அவளை உட்காரவைத்துவிட்டு மற்ற எல்லோரும் இறங்கிவிடுவோம். செருப்பு, பைகள், அப்பாவின் வாட்ச் எல்லாம் அவள் பொறுப்பு. கன்னியாகுமரிக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. என் சட்டையைக் கழற்றி அவள் மடியில் எறிந்துவிட்டு ஓடினேன். போட்டோவில் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறேன்.

தகவலுக்காக எழுதினேன். வேறொன்றும் இல்லை.

முடிவு: அக்கா தாராபுரத்தில் கணக்கு டீச்சர், மே மாதம் விடுமுறை. அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேரும் கடலுக்குப் போகிறோம். இந்த முறை அக்கா தண்ணீரில் இறங்குகிறாள். அதற்கேற்ற கரையைக் கண்டுபிடிப்பது என் வேலை.

ஜனவரி 6, திங்கள்

வேலைக்குப் பஸ்ஸில் கோவை வரும்போதே எக்செல் ஷீட் போட்டுவிட்டேன். ரோட்டிலிருந்து தண்ணீர் வரை தூரம், மணலின் இறுக்கம், கரையின் சரிவு, அலை உயரம், கூட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

'பார்க்க வேண்டிய பத்து கடற்கரைகள்' என்று இணையத்தில் எழுதுகிற ஒருவரும் சரிவைச் சொல்வதில்லை. எல்லோரும் சூரிய அஸ்தமனத்தைச் சொல்கிறார்கள். அது எங்கள் மொட்டைமாடியிலும் நடக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

பட்டியலில் இருந்த பதினொரு கரைகளில் எட்டு கழிந்தது. கம்பெனியில் ஐந்து ஹெச்.பி. பம்ப் இன்றும் அதிர்ந்தது. அஸ்திவார போல்ட்டைப் பார்க்கச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை.

ஜனவரி 18, சனி

ராமேஸ்வரம் தீவு. பொங்கல் விடுமுறையில் மிச்சமிருந்த ஒரே நாள், தனியாக வந்தேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பத்து மீட்டர் டியூப், அளவு எழுதிய குச்சி, டேப்.

தீவின் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். நடுவில் நிலம் சில இடங்களில் நடந்து கடக்கும் அகலம்தான்.

வடக்குக் கரை: அலை ஒழுங்கில்லை, காற்று முகத்தில் அறைகிறது, தண்ணீர் கலங்கல். நீக்கம்.

தெற்குக் கரை: நம்ப முடியவில்லை. மூன்று முறை அளந்தேன். முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். அலை ஒரு சாண். ஈர மணலில் குதிகாலால் அடித்தால் சத்தம் கேட்கிறது, அவ்வளவு இறுக்கம். தண்ணீர் கண்ணாடி. ஒரு மணி நேரம் குச்சியோடு நின்றேன். இதை நான் ஒருத்தன் மட்டும் பார்ப்பது அநியாயம் என்று தோன்றியது. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு மார்க்.

ஒரே தொந்தரவு படகுகள். கரை முழுக்க இழுத்துப் போட்டிருக்கிறார்கள், எந்தப் பக்கம் போட்டோ எடுத்தாலும் குறுக்கே நிற்கின்றன. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எதற்கு அளக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். எப்போது கூட்டி வருகிறீர்கள் என்றார். மே மாதம் என்றேன். அவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தார். மட்டம் பார்க்கும்போது பேச்சுக் கொடுத்தால் எண் தப்பிவிடும். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மணலில் உருளும் நாற்காலி பாதி முடிந்தது. இரண்டு அங்குல பி.வி.சி. பைப், நான்கு பெரிய ரப்பர் சக்கரம். வாசலில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தேன். அக்கா விடைத்தாள் கட்டோடு வந்து நின்று பார்த்தாள்.

"என்றா இது, தேரா?"

"உனக்குத்தான். மணல்ல புதையாது."

"அப்படீன்னா முன்னாடி கொட்டுமேளத்துக்குச் சொல்லீரு. தேர் மட்டும் தனியாப் போனா நல்லா இருக்காது."

பிடித்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

அம்மாவுக்கு இந்தத் திட்டத்தில் சம்மதமில்லை. ஊர் பார்க்க அவளை இழுத்துக்கொண்டு போகவேண்டுமா, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று காலையிலிருந்து புலம்பல். எண்களைக் காட்டினேன். அம்மாவுக்கு எண்கள் போதவில்லை.

அக்கா ஒரு கேள்விதான் கேட்டாள். "ஆழம் எவ்வளவுடா?"

பதினைந்து மீட்டர் உள்ளே போனாலும் அரை மீட்டர்தான், முழங்கால் அளவு, ஆபத்தே இல்லை என்றேன்.

"அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பர் திருத்தப் போய்விட்டாள். பயம் தெளிந்துவிட்டது. நல்லது.

மார்ச் 20, வியாழன்

பம்ப் அதிர்வு: போல்ட்தான். பத்து வாரம் கழித்து ஒத்துக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அமராவதி ஆற்று மணலில் நாற்காலிக்கு ஓட்டம் பார்த்தோம். அக்கா ஐம்பத்திரண்டு கிலோ, நாற்காலி பதினாறு. ஒரு கையால் தள்ள முடிகிறது. மணலில் தடம் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள், நான்கைந்து பேர் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். நாற்காலிக்கு இவ்வளவு வரவேற்பை எதிர்பார்க்கவில்லை. அக்கா அடிக்கடி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேலை இருந்திருக்கும்.

மே 19, திங்கள்

ராமேஸ்வரம் வந்து சேர்ந்தோம். வேனின் கூரையில் நாற்காலி. வழியெல்லாம் கயிறு தளர்ந்து ஏழு முறை இறங்கிக் கட்டினேன். லாட்ஜில் தரைத்தள அறை கேட்டு வாங்கியிருந்தேன், குளியலறையில் ஒரு படி. அதை யாரும் போனில் சொல்லவில்லை. படிக்கு ஒரு பலகை போட்டாயிற்று.

பாலத்தில் வரும்போது இரண்டு பக்கமும் கடல். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

மே 20, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

நான் அளந்த அதே இடம். கரையைக் காணவில்லை. ஜனவரியில் சரிவாக இருந்த மணலைக் கடல் செங்குத்தாக வெட்டியிருந்தது. அலை என் நெஞ்சுயரம். காற்றில் மணல் பறந்து கணுக்காலில் ஊசியாகக் குத்தியது. அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மார்க் போட விரும்பவில்லை.

ஆளை உட்காரவைப்பதற்கு முன் எடை வைத்துப் பார்ப்பது முறை. இரண்டு சாக்கில் மணல் நிரப்பி நாற்காலியில் கட்டித் தண்ணீர் ஓரம் தள்ளினேன். மூன்றாவது அலை நாற்காலியைக் குப்புறத் தள்ளியது. சாக்கு அவிழ்ந்தது. பி.வி.சி. மிதக்கும். நாற்காலி கடலுக்குள் போக ஆரம்பித்தது. நான் பின்னால் ஓடினேன், இடுப்பளவில் நின்றுவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. வீட்டில் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது கரையிலிருந்து ஒரு பெண் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அலை வந்தது, அதற்கு அடியில் போய் அந்தப் பக்கம் எழுந்தார். வழி தவறிய ஆட்டைப் பிடித்து வருவதுபோல நாற்காலியின் ஒரு காலைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் போட்டார். மூச்சுகூட வாங்கவில்லை.

"கச்சான் காத்து வீசுற மாசத்துல தெக்க யாராச்சும் இறங்குவாகளா? இது ஆண்கடலு தம்பி. இப்ப அது முறைச்சுக்கிட்டுக் கிடக்குற நேரம். வாடைக் காலத்துல வந்திருந்தியன்னா பூனைக்குட்டி கணக்காப் படுத்திருக்கும்."

"வாடைக் காலத்தில்தான் வந்தேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேர் சவேரியம்மாள். நாற்பது வயது இருக்கும். கடல்பாசி எடுப்பது தொழில்.

அக்கா வழக்கம்போலப் பைகளோடு துண்டில் உட்கார்ந்திருந்தாள். நான் ஈரத்தோடு போய் நின்றதும், "தணிகை, ஒண்ணு கேக்கட்டுமா" என்றாள். "உன்ற ஜனவரி போட்டோல இங்க பதினேழு படகு நின்னுது. எண்ணி வெச்சிருக்கறேன். இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. அதெல்லாம் எங்க போச்சு?"

அந்தப் போட்டோவை நூறு முறை பார்த்தவன் நான்.

பதிலைச் சவேரியம்மாள் சொன்னார். மழை முடிந்து வாடை வீசும் மாதங்களில் வடக்குக் கடல் கொந்தளிக்கும், படகெல்லாம் தெற்கே வரும். சித்திரைக்குப் பிறகு காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து கச்சானாக வீசும், படகெல்லாம் வடக்கே போகும். வடக்கு பெண்கடல், தெற்கு ஆண்கடல் என்பார்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஊரே படகுகளை இடம் மாற்றுகிறது. எந்தக் கரை அமைதி என்று தெரிய டியூப் மட்டம் தேவையில்லை. படகு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். அந்தப் படகுகளைத்தான் நான் தொந்தரவு என்று எழுதிவைத்திருக்கிறேன். பக்கத்தைக் கிழிக்கத் தோன்றியது. கிழிக்கவில்லை.

மாலை

அக்காவும் சவேரியம்மாளும் பேசி முடித்தபாடில்லை. நான் நாற்காலியின் உடைந்த மூட்டை ஒட்டிக்கொண்டே கேட்டேன். பாசி எடுக்கிறவர்களுக்கு மூச்சுவிடச் சிலிண்டர் கிடையாது. விரல்களில் கந்தல் துணி, காலில் செருப்போடு சேர்த்துக் கட்டிய அலுமினியத் தட்டு, அதுதான் துடுப்பு. மூச்சைப் பிடித்து இறங்கிப் பாறையில் பாசியைக் கிள்ளிக்கொண்டு ஏறவேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று எண்ணுவதில்லையாம். அக்கா தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உளி அடையாளம் தெரிகிற முரட்டு வேலை, ஆனால் துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றன. எங்கள் டிசைன் பிரிவில் இதை இவ்வளவு குறைந்த பாகங்களில் முடிக்க ஒருவராலும் ஆகாது. என்னையும் சேர்த்து.

இப்போது வேலை இல்லையா என்று கேட்டேன். பாசி தழைக்கும் நாட்கள், அதனால் ஒன்றரை மாதம் கைவைப்பதில்லை என்றார். யார் போட்ட விதி? நாங்களேதான் என்றார். பராமரிப்புக்கு மிஷினை அரை நாள் நிறுத்தச் சொல்லி நான் கம்பெனியில் ஆறு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

மே 21, புதன்

வடக்குக் கரை. ஜனவரியில் ஒரே வரியில் நான் நீக்கிய கடல். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி அசையாமல் கிடக்கிறது. படகுகள் வரிசையாக நிற்கின்றன.

நாற்காலியில் அக்காவை உட்காரவைத்துத் தள்ளினேன். பன்னிரண்டு மீட்டர் போனதும் அடியில் சேறும் கடல்புல்லும், சக்கரம் நின்றுவிட்டது. தண்ணீர் கணுக்கால் அளவு. அம்மா கரையிலிருந்து போதும் போதும் என்று கையாட்டினாள். அக்காவின் காலிப்பருக்குப் பிளாஸ்டிக் உறை கட்டியிருந்தேன். உறைக்குமேல் தண்ணீர் தட்டியது. இலக்கு எட்டப்பட்டது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சுற்றுலா வந்த ஒரு குடும்பம் நின்று எங்களைப் பார்த்தது. அக்கா நேராகக் கடலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இதுக்கா அஞ்சு மாசம்?"

கால் நனைந்துவிட்டதே என்றேன்.

"கால் நனையறதுக்கு ஊட்ல பக்கெட் இருக்குது. ஆழம் எவ்வளவுன்னு உன்ட்ட எதுக்குடா கேட்டேன்? முழங்கால் தண்ணி எனக்கு எதுக்கு? கழுத்து வரைக்கும் வேணும். கழுத்து வரைக்கும் தண்ணி இருந்தா ஒடம்போட வெயிட்டுப் போயிருமில்ல? எட்டாங் கிளாஸ்ல சயின்ஸ் டீச்சர் லீவு போட்டா நான்தான் அந்தப் பாடம் எடுக்கறேன். பம்பு கம்பெனில இருக்கறவன் நீ."

அங்கேயே கணக்குப் போட்டேன். ஐம்பத்திரண்டு கிலோவில் கழுத்தளவுத் தண்ணீர் தொண்ணூறு சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளும். காலுக்கு வருவது ஐந்து கிலோ, மிஞ்சினால் ஆறு. ஐந்து கிலோவை அவள் கால் தாங்கும். காலிப்பர் இல்லாமல், ஊன்றுகோல் இல்லாமல் அவள் நிற்கலாம். ஆழமில்லாத கரையாகப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு உதவாத கரைகளுக்கு மட்டும் ஐந்து மாதமாக மார்க் போட்டிருக்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்காமல் டிசைன் போடுகிறவனை என் டேபிள் பக்கமே நான் விடமாட்டேன்.

நாற்காலியைத் திருப்பிக் கரைக்கு இழுத்தேன். சேற்றில் அரை மணி நேரம் ஆனது. அக்கா அதற்குள் சவேரியம்மாளைக் கூப்பிட்டுப் பேசி முடித்திருந்தாள்.

மே 22, வியாழன்

காலை ஏழு மணி. சவேரியம்மாளும் மூன்று பெண்களும் ஒரு வல்லத்தோடு வந்தார்கள். எங்கள் ஊரில் வேனுக்கு எப்படியோ அப்படி இங்கே வல்லம், சின்ன மரப்படகு. முந்நூறு மீட்டர் உள்ளே கழுத்தளவு, அடியில் மணல், புல் இல்லை என்று சவேரியம்மாள் சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்காதது எனக்கே ஆச்சரியம்.

லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன். "இது ஆளத் தூக்கி விட்டுரும் தம்பி. நிக்கணும்னுதான உங்க அக்கா சொன்னாக" என்றார். சரிதான். ஜாக்கெட் வல்லத்தில் இருக்கட்டும், இடுப்பில் கயிறு, இரண்டு பக்கமும் ஆள் என்று முடிவானது. நானும் ஏறப்போனேன்.

"நீ எதுக்கு? நாங்க அஞ்சு பொம்பளையும் நனையப் போறோம். கரையில இரு."

அக்காவைப் பார்த்தேன். அவளும் தலையாட்டினாள்.

ஒரு சேலையைச் சுற்றிப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். உள்ளே வார் அவிழும் சத்தம் கேட்டது. அக்கா என் முன்னால் ஒருநாளும் காலிப்பரைக் கழற்றியதில்லை. சேலைக்கு மேலாக ஒரு கை வந்து இரண்டு காலிப்பரையும் என்னிடம் நீட்டியது. "மணல்ல வெக்காத" என்றாள். பையில் லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தது. மாட்டிப் பார்த்தேன். நான்கு கிலோ அறுநூறு. இருபத்தேழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்த எண் எனக்குத் தெரியாது.

இரண்டு பெண்கள் கைகளைக் கோத்து ஆசனமாக்கி அக்காவைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். ஈரப்பாசி மூட்டை சுமக்கிறவர்களுக்கு ஐம்பத்திரண்டு கிலோ பொருட்டில்லை, பேசிக்கொண்டே போனார்கள். அக்கா என்னவோ சொன்னாள், நால்வரும் சிரித்தார்கள். வல்லம் நகர்ந்தது.

நானும் அம்மாவும் துண்டில் உட்கார்ந்தோம். என் பொறுப்பில்: மூன்று பை, நான்கு ஜோடி செருப்பு, ஒரு வாட்ச், ஒரு மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், இட்லிப் பொட்டலம், மடியில் காலிப்பர். ஒரு ஆடு வந்தது. விரட்டினேன். நான் கடலைப் பார்த்ததும் திரும்ப வந்தது.

வல்லம் நின்றது. ஒவ்வொருவராக இறங்குவது தெரிந்தது. அதன்பிறகு வல்லத்தின் பக்கத்தில் தண்ணீருக்குமேல் ஐந்து தலைகள்.

"அதுல மங்கை எதுடா?" என்றாள் அம்மா.

பார்த்தேன். தலைகள் நகர்ந்தன, ஒன்றை ஒன்று தாண்டின, கூடின, பிரிந்தன. எது நடக்கிறது, எது நிற்கிறது, எது மிதக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா."

"உனக்கு இளங்கண்ணு. நல்லாப் பாரு சாமி."

"நல்லாத்தான் பாக்கறேன். அஞ்சும் ஒரே மாதிரி இருக்குது."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடு இட்லியைத் தின்றுவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துத் தூக்கி வந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பதினோரு நிமிஷம்" என்றாள்.

"என்னது?"

"நின்னது. வல்லத்தப் புடிச்சுட்டு ஒம்பது. புடிக்காம ரெண்டு. வாட்ச் உன்ட்ட இருந்துதில்ல, நான் மனசுல எண்ணுனேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இட்லி எங்கடா?"

ஆட்டைச் சொன்னேன்.

"அரைக்கண்ணு கடல்ல, அரைக்கண்ணு பைல இருக்கோணும். முழுக்கண்ணும் கடலுக்குக் குடுத்தா இப்படித்தான். போகப்போகப் பழகீரும்" என்றாள்.

எனக்கு ஒரு வேலை இருந்தது, காலிப்பர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே உலர்ந்துதான் இருந்தது.

மே 23, வெள்ளி

இன்றும் போனார்கள். இருபத்தாறு நிமிடம். இட்லி பத்திரம்.

ஜூன் 1, ஞாயிறு

ஊர் வந்து ஒரு வாரம். நாற்காலியைச் சவேரியம்மாளிடமே விட்டுவிட்டு வந்தோம். அதில் தண்ணீர்க் குடம் ஏழு நிற்கிறதாம், போனில் சொன்னார். பின்சக்கரம் கொஞ்சம் இழுக்கிறதாம். அளவைக் கேட்டு வாங்கியிருக்கிறேன், வேறு அனுப்பவேண்டும். அனுப்புவதற்கு முன், குடத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டேன்.

அக்கா வல்லத்தில் போன முதல் நாள் கரையிலிருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்திருந்தேன். பிரின்ட் போட்டு ஆல்பத்தில் நாற்பதாவதாக ஒட்டினேன். நிறையக் கடல், ஒரு வல்லம், ஐந்து கறுப்புப் புள்ளி. லென்ஸ் வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவிடம் நீ எது என்று கேட்டேன். ஆல்பத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். சொல்லமாட்டேன் என்று மூடிவிட்டாள்.